பழகிய சொல், பழகாத பொருள்: பிரிட்டனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்புக்காகவோ வேலைக்காகவோ பிரிட்டனுக்குப் போகிற நம்மவர்கள் புதிய சொல் ஒன்று காதில் விழுந்தால் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறார்கள்; அகராதியைப் புரட்டுகிறார்கள் அல்லது அருகில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். தவறுகள் பெரும்பாலும் நேர்வது பழகிய சொற்களில்தான். டீ, டின்னர், புட்டிங், மிஸ்டர், சர் ஆகியவை பள்ளி நாள்களிலிருந்தே நம் வாயில் புழங்கியவை என்பதால், அவற்றுக்கு அந்த ஊரில் வேறு பொருள் இருக்கக்கூடும் என்ற ஐயமே நமக்கு எழுவதில்லை.

நான் இதை வட இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் கற்றேன். அங்கே குடியேறிய இரண்டாம் மாதத்தில், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு டீக்கு வரும்படி அழைத்தார். ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் இருக்கும் என்று எண்ணி, வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். போய்ப் பார்த்தால், மேசையில் கத்தியும் முள்கரண்டியும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. நான் இறைச்சி உண்பதில்லை என்பதை நினைவில் வைத்து, வெங்காயமும் சீஸும் உள்ளே வைத்த 'பை' என்ற மாவுப் பண்டம் ஒன்றைச் சுட்டு, அப்போதுதான் அடுப்பிலிருந்து வெளியே எடுத்திருந்தார். பக்கத்தில் உருளைக்கிழங்கு மசியலும் பச்சைப் பட்டாணியும் இருந்தன. நான்கு வாய்க்கு மேல் என்னால் உண்ண முடியவில்லை. "பிடிக்கவில்லையா?" என்று அவர் கேட்டபோது அவர் முகம் வாடியதை இன்றும் நான் மறக்கவில்லை.

இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்தின் பல இடங்களிலும், குறிப்பாக உழைக்கும் மக்களின் வீடுகளில், டீ என்பது மாலைச் சாப்பாடு. டின்னர் என்பது நண்பகல் சாப்பாடு. பள்ளிகளில் நண்பகல் உணவு பரிமாறும் பெண்களை நாடெங்கும் 'டின்னர் லேடி' என்று அழைக்கும் வழக்கத்தில் அந்தப் பழைய பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. தெற்கே, நடுத்தர வகுப்பார் நண்பகலில் உண்பதை லஞ்ச் என்றும் இரவில் உண்பதை டின்னர் அல்லது சப்பர் என்றும் சொல்வார்கள். ஆகவே அழைப்பில் உள்ள சொல்லைவிட அதில் உள்ள மணியைக் கவனிப்பது நல்லது. மூன்று மணி, நான்கு மணி என்றால் தேநீரும் கேக்கும். ஐந்து மணிக்கு மேல் என்றால் சாப்பாடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐயமிருந்தால் சாப்பாட்டுக்கா என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மணியைச் சொல்லும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 'ஹாஃப் செவன்' என்றால் ஆறரை அல்ல, ஏழரை.

நம் ஊர் நட்சத்திர ஓட்டல்களில் 'ஹை டீ' என்ற பெயரில், மூன்றடுக்குத் தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் ஸ்கோனும் கேக்கும் வைத்துத் தருகிறார்கள். பிரிட்டனில் அதற்குப் பெயர் 'ஆஃப்டர்நூன் டீ'. 1840களில் பெட்ஃபர்ட் கோமகளின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மேட்டுக்குடி வழக்கம் அது. ஹை டீ என்பதோ வேலை முடிந்து பசியோடு வீடு திரும்பியவர்கள் இறைச்சி, மீன், ரொட்டி என்று உண்ட மாலைச் சாப்பாட்டின் பெயர். 'ஹை' என்ற ஒலியைக் கேட்டு உயர்ந்தோர் விருந்து என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம்.

உணவுப் பெயர்களில் வரும் தவறுகளை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன், ஏனென்றால் சைவ உணவுக்காரர்களுக்கு அவை வெறும் சொற்பிழையாக முடிவதில்லை. புட்டிங் என்றதும் நாம் பாலும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்பை நினைக்கிறோம். பிரிட்டனில் சாப்பாட்டுக்குப் பின் வரும் எந்த இனிப்பையும் அப்படிச் சொல்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் 'பிளாக் புட்டிங்' என்பது பன்றி இரத்தமும் கொழுப்பும் ஓட்ஸ் அல்லது பார்லியும் சேர்த்துக் குடலில் அடைத்துச் செய்வது. விடுதிகளில் காலை உணவுத் தட்டில் கறுப்பு வில்லைகளாக அதை வைப்பார்கள். 'யார்க்‌ஷர் புட்டிங்' இனிப்பும் அல்ல, இறைச்சியும் அல்ல. மாவும் முட்டையும் பாலும் கலந்து சுடுவது. ஆயினும் அதைச் சுடும் தட்டில் மரபாக ஊற்றப்படுவது மாட்டுக்கொழுப்பு. 'ஸ்காட்ச் எக்' என்பதை அவித்த முட்டை என்று நம்பி வாங்கினால், முட்டையைச் சுற்றிப் பன்றி இறைச்சி மசியல் பொதிந்திருக்கும். 'ஸ்வீட்பிரெட்' என்பது இனிப்பும் அல்ல, ரொட்டியும் அல்ல. கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் சுரப்பி உறுப்பு.

டிசம்பர் மாதத்தில் அலுவலகந்தோறும் நீட்டப்படும் 'மின்ஸ் பை' இதற்கு நேர் எதிரான குழப்பத்தைத் தருவது. மின்ஸ் என்றால் கொத்துக்கறி என்று தெரிந்த நம்மவர்கள் உடனே மறுத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது உலர்திராட்சையும் ஆப்பிளும் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் இலவங்கப்பட்டையும்தான். முற்காலத்தில் இறைச்சி சேர்ந்திருந்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆனால் இறைச்சி போனபின்பும் கொழுப்பு முழுவதும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பான சூயட்டை மரபு வழியில் அதில் கலப்பார்கள். கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் அப்படியே. இப்போது தாவரக் கொழுப்பில் செய்தவை கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. எனவே பெயரைப் பார்த்து மறுக்கவும் வேண்டாம், பெயரைப் பார்த்து ஏற்கவும் வேண்டாம். பெட்டியில் சைவர்களுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். யார்க்‌ஷரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் பல கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸ்கூட மாட்டுக்கொழுப்பில் பொரிக்கப்படுவதால், வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. உணவுப் பட்டியலில் 'மல்லிகட்டானி' என்று கண்டு, நம் மிளகுத்தண்ணீர்தானே என்று மகிழ்பவர்களுக்கும் ஒரு சொல்: பெயர் நம்முடையதுதான், ஆனால் அங்கே அது ரசமாக இல்லாமல், பெரும்பாலும் இறைச்சிச் சாறு சேர்ந்த கெட்டியான சூப்பாக மாறிவிட்டது.

பேச்சிலும் இதே நிலைதான். காலையில் எதிரே வருபவர் 'ஆல்ரைட்?' என்று கேட்டுக்கொண்டே கடந்து போவார். நம் ஊரில் 'என்ன, சாப்பிட்டாச்சா?' என்று கேட்பவர் நம் வீட்டுச் சமையல் விவரத்தை எதிர்பார்ப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும். நின்று முதுகுவலியை விவரிப்பதும், எனக்கு என்ன ஆனது என்று பதறுவதும் வேண்டியதில்லை. நாட்டிங்ஹாம் பக்கம் பேருந்து ஓட்டுநர் 'டக்' என்பார், நியூகாசிலில் கடைக்காரப் பெண்மணி 'பெட்' என்பார், கிளாஸ்கோவில் பெண்களை 'ஹென்' என்பார்கள். வாத்து, செல்லப்பிராணி, கோழி என்ற நேர்ப்பொருளை மறந்துவிட்டு, நம் 'கண்ணு', 'ராசா' போன்ற வாஞ்சைச் சொற்களாக அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றைவிட ஆபத்தானவை மென்மையான திருத்தச் சொற்கள். ஆய்வு மாணவர் ஒருவரின் கட்டுரையைப் படித்த பேராசிரியர், 'இரண்டாம் இயலை இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாமே' என்று புன்னகையோடு சொன்னால், அது விருப்பத்துக்கு விடப்பட்ட யோசனை அல்ல. அந்த இயலை மாற்றி எழுது என்ற கட்டளை. 'குவைட் குட்' என்பதை மிகவும் நன்று என்று நாம் படித்திருக்கிறோம். பிரிட்டிஷார் வாயில் அது பெரும்பாலும் நம் 'பரவாயில்லை' அளவில்தான் நிற்கும். 'நாட் பேட்' என்பதோ உண்மையான பாராட்டாக இருக்கக்கூடும். கண்டிப்பை உரத்த குரலில் கேட்டுப் பழகிய நாம், குரல் உயரவில்லை என்பதால் குறை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அப்படி நினைத்து அடுத்த மாதமும் அதே இயலைத் திருத்தாமல் கொண்டுபோன மாணவர்களை நான் அறிவேன். அவர்கள் திறமையில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

சாலையிலும் கவனம் வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்கு எளிது என்று தோன்றும். குறுகிய தெரு ஒன்றை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் கார்கள் நிற்கின்றன, நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம். எதிரே வருபவர் ஹெட்லைட்டை ஒருமுறை மின்னவிடுகிறார். நம் நெடுஞ்சாலையில் அதற்கு 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்று பொருள். அங்கே அன்றாட வழக்கில் 'நீங்கள் முதலில் வாருங்கள்' என்று பொருள். சாலை விதி நூல் தன் இருப்பை உணர்த்த மட்டுமே விளக்கை மின்னவிடச் சொல்கிறது என்பதால், விளக்கை மட்டும் நம்பிப் பாயாமல், அவர் வண்டி உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்தபின் நகர வேண்டும். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து நான்கு விரல்களை உயர்த்தி நன்றி சொல்வது மரபு. ஹாரனை நாம் வணக்கம் போலப் பயன்படுத்துகிறோம்; அங்கே அது வசைக்குச் சமம். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அதை ஒலிப்பதற்குச் சட்டத் தடையும் உண்டு.

பெயர்களுக்கு வருவோம். நம் செய்தித்தாள்களில் 'சர் குக்' என்றோ 'சர் சர்ச்சில்' என்றோ காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சர் என்ற பட்டம் இயற்பெயரோடு சேருமே தவிர, குடும்பப்பெயரோடு தனித்துச் சேராது: 2019இல் பட்டம் பெற்ற கிரிக்கெட் வீரர் சர் அலஸ்டர் குக்கைச் சுருக்கமாகச் சொன்னால் சர் அலஸ்டர். தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வருவதால் நமக்கு இந்தத் தடுமாற்றம் இயல்பே. அதே சமயம், அலுவலகத்தில் மேலாளரையோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரையோ 'சர்' என்று அழைக்க வேண்டியதில்லை. பெயர் சொல்லி அழைப்பதையே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

மருத்துவமனைக் கடிதத்தில் அறுவை செய்யப்போகிறவரின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இல்லாமல் மிஸ்டர் என்று இருப்பதைக் கண்டு கலங்கி, வேறு மருத்துவரைக் கேட்கலாமா என்று என்னிடம் ஆலோசித்த குடும்பங்கள் உண்டு. கலங்க வேண்டாம். முற்காலத்தில் மருத்துவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார்கள். அறுவை செய்பவர்களோ முடிதிருத்துவோருடன் ஒரே சங்கத்தில் இருந்து, தொழிலைக் கைவழியாகக் கற்றார்கள். 1540இல் லண்டனில் இணைக்கப்பட்ட அந்தச் சங்கம் 1745இல் பிரிந்தது. இன்று அறுவை மருத்துவரும் முதலில் டாக்டராகத் தேறி, பின்னர் அறுவை மருத்துவக் கல்லூரியின் தேர்வுகளில் வென்ற பிறகே மிஸ்டர் என்றோ மிஸ் என்றோ மாறுகிறார். அந்தச் சொல் தகுதிக் குறைவின் அடையாளமல்ல, கூடுதல் தகுதியின் அடையாளம். 'பப்ளிக் ஸ்கூல்' என்பதும் இப்படித்தான்: 1440இல் தொடங்கிய ஈட்டன் போன்ற, பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளின் பெயர் அது, அரசுப் பள்ளிகளுக்கு 'ஸ்டேட் ஸ்கூல்' என்று பெயர்.

நாட்டினரின் பெயரையும் பிழையின்றிச் சொல்லப் பழக வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரையோ வேல்ஸ்காரரையோ 'ஆங்கிலேயர்' என்பது அவர்களை உண்மையாகவே புண்படுத்தும். ஆனால் நாம் தமிழிலேயே அதைச் செய்துகொண்டிருக்கிறோம். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர். இவர்களைப் பிரிட்டிஷார் என்பது பொருந்தும்; ஆங்கிலேயர் என்பது பொருந்தாது.

கிறிஸ்துமஸ் காலத்தில் இரண்டு செய்திகள் மட்டும். டிசம்பர் 26ஆம் நாளுக்குரிய 'பாக்சிங் டே' என்ற பெயருக்கும் குத்துச்சண்டைக்கும் தொடர்பில்லை. வேலையாட்களுக்கும் தபால்காரர் போன்றோருக்கும் அன்பளிப்புப் பெட்டி கொடுத்த வழக்கத்திலிருந்து வந்தது அது. 2004இல் நம் கடற்கரையையும் ஈழத்தையும் அழித்த ஆழிப்பேரலையைப் பிரிட்டிஷ் செய்தியாளர்கள் இந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். அதைத் தமிழில் 'குத்துச்சண்டை தினச் சுனாமி' என்று யாரும் மொழிபெயர்த்துவிடக் கூடாது. அதற்கு முந்தைய நாளான 25ஆம் தேதி லண்டனில் சுரங்க ரயிலும் ஓடாது, நகரப் பேருந்தும் ஓடாது. அன்று விமானத்தில் வந்திறங்குகிறவர்கள் டாக்சியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அந்த வாரத்தில் யாரேனும் உங்கள் குழந்தைகளைப் பாண்டோமைம் என்பதன் சுருக்கமான 'பாண்டோ'வுக்கு அழைத்தால், பேச்சில்லா ஊமை நாடகம் என்று எண்ணித் தவறவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் அது ஊமைக்கூத்தாகத் தொடங்கியது உண்மை. இன்று சிண்டரெல்லா, அலாவுதீன் போன்ற கதைகளைப் பாட்டும் பகடியுமாக நடத்தும் குடும்ப நாடகம் அது. வயதான பெண் வேடத்தை ஓர் ஆண் கட்டுவார். நாயகனின் முதுகுப்புறம் வில்லன் பதுங்கி வரும்போது, அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் 'உனக்குப் பின்னால் இருக்கிறான்!' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அமைதியாக உட்காரும்படி நம் குழந்தைகளை அப்போது அடக்குவதுதான் அங்கே நாம் செய்யும் தவறு.