மனவாட்டத்தை நீட்டிக்கும் தவறுகள்

காரணம் தெரிந்தோ தெரியாமலோ சில நாட்களில் மனம் கனத்துக் கிடக்கும். விடிந்தும் எழுந்திருக்கத் தோன்றாது, சாப்பாடு ருசிக்காது, யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிச்சல் வரும். இந்த வாட்டம் நோயன்று. பெரும்பாலும் சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாட்களிலோ தானாகவே தணிந்துவிடும். அப்படித் தணியவிடாமல் அதைப் பிடித்து வைப்பவை, பல நேரங்களில், அதை விரட்டுவதாக எண்ணி நாமே செய்யும் காரியங்கள்தாம்.

அவற்றுள் பழகிப்போன ஒன்று, துக்கத்தை அடக்குவது. ‘இதற்கெல்லாமா அழுவார்கள்?’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், பெரியவர்களான பின் அதே கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதன்பின் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலிருந்தே தடையின்றி நினைத்தவர்களைவிட இவர்களே அதை அதிகமாக நினைத்தார்கள். அடக்குவதைவிட, வந்திருப்பது எந்த வகைத் துக்கம் என்று பெயரிட்டுப் பார்ப்பது நல்லது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைச் சொல்கிறது. அவமானப்பட்டதா, எதையாவது இழந்ததா, தளர்ந்துபோனதா, கையில் காசில்லாததா என்று பிரித்துப் பார்த்தாலே, ‘எல்லாம் போயிற்று’ என்ற மூட்டம் கலைந்து, துக்கத்துக்கு ஓர் அளவும் எல்லையும் தெரியத் தொடங்கும்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, மனம் சரியான பிறகு செய்துகொள்ளலாம் என்று காரியங்களைத் தள்ளிப்போடுவது. மனம் வாடும்போது நாம் முதலில் விடுவது நமக்குப் பிடித்தவற்றையே: மாலை நடை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, நண்பரோடு தேநீர். அவற்றிலிருந்து கிடைத்துவந்த சிறு நிறைவும் நின்றுபோவதால் மனம் மேலும் வாடுகிறது. வாட்டம் கூடியதால் இன்னும் சிலவற்றை விடுகிறோம். இந்தச் சுழலை 1970களில் பீட்டர் லெவின்சோன் என்ற உளவியலாளர் விளக்கினார். செயலை முதலில் மீட்டால் மனநிலை பின்தொடரும் என்ற சிகிச்சை முறையும் அந்த வழியில் வளர்ந்ததே. ஆகவே ‘தோன்றும்போது நடப்பேன்’ என்று இருக்காமல், ‘ஐந்தரை மணிக்குத் தெருமுனைவரை நடப்பேன்’ என்று நேரத்தோடு கட்டிவிட வேண்டும். பிடிக்காமலே நடந்தாலும் அது நடையே. வீட்டுப் பொறுப்பு முழுவதையும் சுமக்கும் பெண்களின் நிலை சற்று வேறு. எவ்வளவு வாடினாலும் அவர்களுக்குச் சமையலும் துவைப்பும் நிற்பதில்லை. அவர்கள் தமக்கென்று வைத்திருந்த அரைமணி நேரம் மட்டுமே காணாமல் போகிறது. வேலை நடக்கிறதே என்று வீட்டாரும் கவனிப்பதில்லை. அவர்கள் மீட்க வேண்டியது அந்த அரைமணியை. அதற்கு வழிவிட வேண்டியது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை.

துக்கத்தை ஓயாமல் அசைபோடுவது, அடக்குவதற்கு நேரெதிரான தவறு. 1989இல் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் ஏற்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸெமா தற்செயலாக அங்குள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களின் மனப்போக்கைப் பதிவு செய்திருந்தார். தம் சோகத்தையே திரும்பத் திரும்ப எண்ணும் பழக்கமுள்ளவர்களிடம், ஏழு வாரங்களுக்குப் பின்னும் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கு முடிவு கிடையாது. ‘நாளைக் காலையில் என்ன செய்யலாம்?’ என்ற கேள்விக்கு உண்டு. மனக்குறையை எழுதிப் பார்ப்பது சிலருக்கு உதவும், ஆனால் பதினைந்து, இருபது நிமிடத்தில் நோட்டை மூடிவிட வேண்டும். ஒரே குறையைத் தோழியிடம் இரவெல்லாம் தொலைபேசியில் பேசுவதும் அசைபோடுதலே.

மது தூக்கத்தைத் தருவதுபோலத் தோன்றினாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைத்துவிடும். மறுநாள் வாட்டம் இரட்டிப்பாகும். பகலெல்லாம் படுத்திருப்பதும், நள்ளிரவுவரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பதும் அப்படியே.

வாடியிருப்பவரிடம் ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்’ என்று சொல்வதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். அது அவருடைய துக்கத்தைக் குறைக்காமல், துக்கப்படுவதற்காக வெட்கப்படவும் வைக்கிறது. அருகில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, அவர் பேசும்வரை காத்திருப்பதே போதும்.

நீண்டுபோன வாட்டத்தை ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவதும் தவறே. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரங்களுக்கு மேல் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்து, தூக்கம், பசி, வேலை ஆகியவை பாதிக்கப்பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும்கூட இப்படிச் சோர்வாக வெளிப்படலாம் என்பதால், இரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடையில் தூக்க மாத்திரையைத் தாமாகவே வாங்கி விழுங்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டில் 104இலும், இலங்கையில் 1926இலும் மனநல ஆலோசனை பெறலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் இரண்டு வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே அழைக்க வேண்டும். உதவி கிடைக்கும்வரை வீட்டில் ஒருவர், அந்த எண்ணம் வந்தவரைத் தனியே விடாமல் உடனிருக்க வேண்டும்.