முதல் வேட்டை ரைபிளுக்கு எந்தத் தோட்டா? மருமகனுக்குச் சொன்னது

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிட்டான். "மாமா, .300 வின்செஸ்டர் மேக்னம் எடுக்கலாம்னு இருக்கேன்." அவனுக்கு மெல்போர்னில் வேலை. கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்களாம், துப்பாக்கி உரிமத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறான். ஏன் அந்தத் தோட்டா என்று கேட்டேன். "அதுலதான் பவர் ஜாஸ்தி." ராணுவத்தில் இருந்துவிட்டு சேலத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் எனக்கு அன்று பேச நல்ல விஷயம் கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது இந்தியாவுக்கு இல்லை. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் கதை முடிந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்து நின்றால் தூரத்தில் இருந்து போட்டோ எடுப்பதோடு சரி.

படி 1: எண்ணைப் படிக்கப் பழகு

என்.சி.சி.யில் .22 சுட்டவர்களுக்கு ரிம்ஃபயர் தெரியும். துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும். சென்டர்ஃபயரில் அடிப்பாகத்தின் நடுவே பிரைமர் என்ற சின்ன வட்டு இருக்கும், ஊசி அதில்தான் அடிக்கும். கனமான பித்தளைக் கூடு, நிறைய வெடிமருந்து, அதனால் பெரிய விலங்குக்கு இதுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களை அப்படியே நம்பக் கூடாது. .308 வின்செஸ்டர் என்றால் குண்டின், அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் ஈயத் துண்டின், விட்டம் 0.308 அங்குலம், அது சரி. .30-06 குண்டும் அதே 0.308தான், 06 என்பது 1906ஆம் வருடம். .270 வின்செஸ்டரின் குண்டோ 0.277! பெயர் வைத்தவர்களைக் கேட்டால்தான் உண்டு. ஆகவே ரைபிள் குழலில் என்ன பொறித்திருக்கிறதோ, தோட்டாவின் அடியிலும் அதே பெயர் இருக்க வேண்டும். 'கிட்டத்தட்ட அதேதான்' என்று எதையும் உள்ளே தள்ளாதே. கையோ கண்ணோ போய்விடும்.

அடுத்தது கிரெய்ன். இது குண்டின் எடை, மருந்தின் எடை இல்லை. அவனுக்குப் பிடிபடவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் நண்பரின் வெள்ளிப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். தராசுத் தட்டில் கொலுசுச் சலங்கைகளை ஒவ்வொன்றாகப் போட்டு 9.7 கிராமில் நிறுத்தி, அவன் உள்ளங்கையில் கொட்டினேன். "இதுதான் 150 கிரெய்ன். ஒரு பவுனைவிட ஒன்றே முக்கால் கிராம்தான் கூட. .308இல் இது நொடிக்கு சுமார் 860 மீட்டர் வேகத்தில் போகும்." சலங்கைகளைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் மேக்னம் பேச்சு கொஞ்சம் குறைந்தது.

படி 2: எந்த விலங்கு, என்ன சட்டம்

விக்டோரியா மாநிலத்தில் அவன் தேடிப்போவது நம்ம ஊர்க் கடமானை! 1860களில் கொண்டுபோய் விட்டது, இன்று அந்த மலைக்காடெல்லாம் பெருகிக் கிடக்கிறது. ஆண் கடமான் 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்குக் குறைந்தது .270, அதிலும் 130 கிரெய்ன் குண்டு என்பது அங்கே பல ஆண்டுகளாக இருந்த அளவுகோல். விதிகள் அவ்வப்போது மாறும், உரிமம் கைக்கு வந்ததும் அன்றைய விதியைப் படித்துவிட வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் .243 கழன்றுவிடும். சின்ன மானுக்கு அருமையான தோட்டாதான், ஆனால் கடமானுக்கு அது வேண்டாம். மிச்சம் .270, 7எம்எம்-08, .308, .30-06. முதல் ரைபிளுக்கு இந்த நாலுக்குள் எதை எடுத்தாலும் தப்பில்லை.

படி 3: உதை

சுடும்போது ரைபிள் பின்னால் வந்து தோளில் இடிப்பதுதான் உதை. ஆளுக்கு ஆள் மாறுவது இங்கேதான். மூன்றரைக் கிலோ ரைபிளில் தோராயமாக .243 உதைப்பது 9 அடி-பவுண்டு (உதையின் ஆற்றலை அளக்கும் அலகு), .308 என்றால் 17, .30-06 என்றால் 20. .300 வின்செஸ்டர் மேக்னம் 27ஐத் தொடும்.

பயிற்சியில் எனக்குக் கிடைத்தது 7.62 எஸ்.எல்.ஆர். என்ற ராணுவ ரைபிள். அதன் தோட்டாவும் .308உம் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். முதல் நாள் ரைபிளின் பின்கட்டையைத் தோளில் அழுத்திப் பிடிக்காமல் விட்டேன். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் தோள்பட்டை நாவற்பழ நிறத்தில் இருந்தது. வலி நாலு நாளில் போய்விட்டது. விசையைத் தொட்டாலே கண்ணை மூடுவது போக மூன்று மாதம் ஆனது. அதுவரை என் குண்டெல்லாம் இலக்குக்குக் கீழே மண்ணில்தான்.

வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், தெரிந்தவர் ரைபிளை வாங்கி, அவரையே தோட்டா போடச் சொல். நடுநடுவே உனக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவையும் போடட்டும். விசை இழுத்து, வெடிக்காமல், குழல் முனை மட்டும் குனிந்தால் உதைக்கு நீ பயப்படுகிறாய் என்று அர்த்தம். ஒரு படி இறங்கி வா. வெட்கப்பட ஒன்றுமில்லை. தப்பாகப் பட்ட பெரிய குண்டைவிட, நுரையீரலில் சரியாகப் பட்ட நடுத்தரக் குண்டு விலங்கைச் சீக்கிரம் சாய்க்கும்.

படி 4: தூரம்

புதர்க்காட்டில் 150 மீட்டருக்கு மேல் கண்ணே எட்டாது. 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த .308, 200 மீட்டரில் ஒரு சாண்கூட இறங்காது. மேக்னம் அதைவிட ஓரிரு விரற்கடை குறைவாக இறங்கும், அவ்வளவுதான். அதற்காகத் தோளைக் கொடுக்க வேண்டுமா?

படி 5: கடையில்

பக்கத்துக் கடையில் எது எப்போதும் இருக்கிறது, விலை என்ன என்று கேள். பயிற்சிக்கே நூற்றுக்கணக்கில் வேண்டும். .308உம் .30-06உம் எங்கேயும் கிடைக்கும். .308இன் கூடு 51 மில்லிமீட்டர், மற்றதன் கூடு 63; அதனால் .308 ரைபிள் கொஞ்சம் குட்டையாக, கைக்கு அடக்கமாக இருக்கும். மேலே ஈயம் தெரிகிற, உடலுக்குள் விரிகிற சாஃப்ட் பாயின்ட் குண்டாக வாங்கு. ராணுவத்தில் நாங்கள் சுட்ட முழுக் கவசக் குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விடும். விலங்கு காயத்தோடு காட்டுக்குள் ஓடிச் சாகும்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் இலக்குத் தாள் படம் அனுப்பினான். .308தான். 100 மீட்டரில் மூன்று ஓட்டை, உள்ளங்கை அளவுக்குள். காட்டுக்கும் ஒரு தரம் போய் வந்தானாம். கடமான் கண்ணில் படவில்லை மாமா, அட்டைதான் கடிச்சுது என்கிறான்.