மகனின் முட்டிவலி அடங்கிய விதம்

என் மகனுக்கு 13 வயது, கூடைப்பந்து ஆடுகிறவன். முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி என்றான். தொட்டால் கெட்டியாக ஒரு புடைப்பு; அழுத்தினால் துள்ளினான். மண்டியிடவே முடியவில்லை.

எலும்பு மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்தே ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார். வளரும் வயதில் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியில் ஓரிடம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஓடும்போதும் குதிக்கும்போதும் தொடைத் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்க, அது புண்பட்டு வலிக்கிறது. எலும்பு வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். புடைப்பு மட்டும் சிலருக்கு நின்றுவிடும், அதனால் பெரும்பாலும் தொல்லையில்லை.

ஆட்டத்தையே நிறுத்தச் சொல்வார் என்று பையன் பயந்தான். அவர் குதிக்கும் பயிற்சியை மட்டும் குறைக்கச் சொன்னார். மறுநாள் காலையிலும் வலி இருந்தால் அன்று ஓய்வு. விளையாடி வந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

உண்மையில் கைகொடுத்தது தொடைத் தசையை நீட்டுவதுதான். சுவரைப் பிடித்து நின்று, குதிகாலைப் பின்னால் மடக்கிப் புட்டத்தை நோக்கி இழுத்து 30 விநாடி. முட்டி தரையைப் பார்க்க வேண்டும், இடுப்பு முன்னால் வளையக் கூடாது. (முதலில் முட்டியைப் பக்கவாட்டில் விரித்து ஏமாற்றுவான், பக்கத்தில் நின்று திருத்த வேண்டியிருந்தது.) வலி மெதுவாகத்தான் குறைந்தது, சில மாதங்கள் ஆயின.

இரவில் தூக்கம் கலைக்கும் வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம், நொண்டல் இருந்தால் இது வேறு விஷயம். அப்போது வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.