உறங்க மறுக்கும் சாதனங்கள்: லினக்ஸ் டிரைவர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் அங் மோ கியோ, காக்கி புக்கிட் பக்கத்துத் தொழிற்கூடங்களில் சிறு சாதனங்களுக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எழுதும் நம்மவர்கள் நிறையப் பேர். போர்டு மேசைமேல் கிடக்கும், குளிர்சாதனம் ஓடும், மின்சாரம் இடைவிடாமல் வரும். அந்த நிலையில், சாதனத்தை உறங்கவைப்பதிலும் எழுப்புவதிலும் நேரும் மின்நிலைப் பிழை எதுவும் கண்ணில் படாது. அதே போர்டை மழைநீர் புகாத பெட்டிக்குள் அடைத்து ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மொட்டைமாடியில் வைத்தால்தான் சங்கதி வெளியே வரும். குளிர்காலமே இல்லாத ஊர் இது. உறங்க வேண்டிய சிப் உறங்காவிட்டால் அந்தச் சூடு பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பேட்டரிச் சாதனம் என்றால் கேட்கவே வேண்டாம்.

2009இல் 2.6.32 பதிப்போடு லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் வந்த ரன்டைம் பிஎம் (இயந்திரம் ஓடும்போதே சும்மா இருக்கும் சாதனத்தை மட்டும் உறங்கவைக்கும்) ஏற்பாட்டின் அடிப்படை ஒரே ஒரு எண்: பயன்பாட்டுக் கணக்கு. சாதனம் தேவைப்படுகிறவர் ‘கெட்’ சொல்லி அதை ஒன்று கூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ‘புட்’ சொல்லிக் குறைக்க வேண்டும். எண் பூஜ்யமானால்தான் கெர்னல் சாதனத்தை உறங்கவைக்கப் பார்க்கும். உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து ‘சோப்’ செய்வது, அதாவது இடம்பிடிப்பது மாதிரிதான். சாப்பிட்டு முடித்தவர் பாக்கெட்டை எடுக்க மறந்துவிட்டால், ஆளில்லாத மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள். என் கணிப்பில் மின்நிலைப் பிழைகளில் பெரும்பகுதி இப்படி எடுக்காமல் விட்ட பாக்கெட்டுகள்தான்.

அவை எங்கே மறக்கப்படுகின்றன? பெரும்பாலும் பிழை நேரும் பாதையில். ‘கெட்’ சொல்லிச் சாதனம் விழிக்கும்வரை காத்திருக்கும் ‘பிஎம் ரன்டைம் கெட் சிங்க்’ ஃபங்ஷன் தோற்றாலும் கணக்கைக் கூட்டிவிட்டுத்தான் திரும்பும். இது பலருக்குத் தெரிவதில்லை. ‘தோற்றுவிட்டதே, இனி எனக்கென்ன’ என்று ரிட்டர்ன் செய்துவிட்டால், ஏறிய ஒன்று அப்படியே நிற்கும். தோல்விப் பாதையில், கணக்கை மட்டும் குறைக்கும் ‘புட் நோஐடில்’ அழைத்து அதை இறக்கியாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: சாதனம் ஏற்கெனவே விழித்திருந்தால் அதே ஃபங்ஷன் 1 என்று திருப்பும். அது பிழையல்ல. ‘பூஜ்யமாக இல்லாவிட்டால் பிழை’ என்று சோதித்தவரின் டிரைவர் நல்ல நிலையில் இருக்கும் சாதனத்தையே பழுது என்று ஒதுக்கிவிடும். எதிர்ம எண்ணா என்று மட்டும் பாருங்கள்.

இந்தத் தொல்லைக்காகவே 2020 இறுதியில் ‘ரிஸ்யூம் அண்ட் கெட்’ எழுதப்பட்டது. வெற்றி என்றால் பூஜ்யம். தோல்வி என்றால் கணக்கைத் தானே இறக்கிவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் இதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய நிரல் கோடில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, தோல்விப் பாதையில் இருந்த ‘புட்’ஐ நீக்காமல் விடுவது முந்தையதைவிட மோசம். வேறொருவர் ஏற்றிய கணக்கை நீங்கள் இறக்குகிறீர்கள். அவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே சாதனம் உறங்கிப்போகும்.

சாதனத்தை முதலில் தயார்செய்யும் ப்ரோப் ஃபங்ஷனில் நேரும் தவறு வேறு வகை. டிரைவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை எந்தச் சாதனமும் உறங்குகிறது என்றுதான் கெர்னல் எடுத்துக்கொள்ளும். நீங்களே கிளாக்கை (சிப்புக்குத் துடிப்பு தரும் மின்சைகை) இயக்கிவிட்டு, ‘செட் ஆக்டிவ்’ (விழித்திருக்கிறது) சொல்லாமல் ‘எனேபிள்’ (ரன்டைம் பிஎம் தொடங்கு) சொன்னால், அடுத்த ‘கெட்’டில் உங்கள் ரிஸ்யூம் ஃபங்ஷன் ஓடி அதே கிளாக்கை இரண்டாம் முறை இயக்கும். கிளாக்குக்கும் தனிக் கணக்கு உண்டு. இருமுறை ஏறியது ஒருமுறைதான் இறங்கும்; கிளாக் நிற்கவே நிற்காது. ரன்டைம் நிலை ‘சஸ்பெண்டட்’ என்று காட்டும், மின்னோட்டமானியோ வேறு கதை சொல்லும்.

பிசிஐ (கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பஸ்) சாதனங்களில் வேறொரு குழப்பம். அங்கே ப்ரோப்பை அழைக்கும் முன்பே கெர்னல் ஒரு கணக்கை ஏற்றிவைத்திருக்கும்; அதை டிரைவர்தான் இறக்க வேண்டும், ரிமூவ் ஆகும்போது (டிரைவர் விலகும்போது) திரும்ப ஏற்ற வேண்டும். அதோடு, சிஸ்ஃபஸில் (கெர்னல் சாதன நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) பவர் கன்ட்ரோல் கோப்பு ‘ஆன்’ என்றே தொடங்கும். ‘ஆட்டோ’ என்று எழுதும்வரை சாதனம் உறங்காது. சரியாக எழுதிய கோடைப் பிரித்துப் பிரித்துத் தேடுவதற்கு முன் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

இதுவரை சொன்னவை பேட்டரியைத் தின்னும் பிழைகள். உறங்கும் சிப்பைத் தொடுவது இயந்திரத்தையே வீழ்த்தும். டி3 என்ற உறக்க நிலையில் இருக்கும் பிசிஐ சாதனத்தின் ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக வரும். அதை உண்மையான நிலை என்று நம்பும் இன்டரப்ட் ஹேண்ட்லர் (சிப் கூப்பிட்டதும் ஓடும் ஃபங்ஷன்), எல்லா நிகழ்வும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டதாக எண்ணி ஓடத் தொடங்கும். ஆர்ம் சிப்புகளில் கிளாக் இல்லாத பகுதியைப் படித்தால் பல வேளைகளில் மொத்த இயந்திரமும் உறைந்துவிடும். லாக்கில் ஒரு வரிகூட மிஞ்சாது. இன்டரப்ட் கம்பியை வேறு சாதனத்தோடு பகிரும்போது இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் பக்கத்துச் சாதனத்தின் இன்டரப்டுக்கும் உங்கள் ஹேண்ட்லர் அழைக்கப்படும். உறங்கப் போகும்முன் சிப்பின் இன்டரப்டை அதன் ரெஜிஸ்டரிலேயே மறைத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருந்து, ‘உறங்குகிறேன்’ என்று ஒரு கொடியையும் போட்டு வையுங்கள். ஹேண்ட்லர் முதலில் அந்தக் கொடியைப் பார்க்கட்டும்.

சிலர் ஹேண்ட்லருக்குள்ளேயே ‘கெட் சிங்க்’ போட்டுவிடுவார்கள். அது காத்திருக்கக்கூடிய ஃபங்ஷன். இன்டரப்ட் சூழலில் காத்திருக்க முடியாது. கெர்னல் கத்தியதும் ‘ஐஆர்க்யூ சேஃப்’ (இன்டரப்ட் சூழலில் அழைக்கலாம்) என்று அறிவித்து வாயடைப்பது சுருக்குவழி. அதற்கு விலை உண்டு: அப்படி அறிவித்த சாதனத்தின் தாய்ச் சாதனம் (அது இணைந்திருக்கும் பஸ் போன்றது) எப்போதும் விழித்தே இருக்கும். ஒரு சிறு சென்சாருக்காக முழு பஸ்ஸும் கண்விழிப்பது எனக்கு ஒப்பவில்லை. வேலையை, காத்திருக்கக்கூடிய திரெட்டுக்கு மாற்றுவதே மேல்.

தாய்–சேய் உறவைக் கெர்னல் தானே கவனிக்கும். தாயல்லாத வேறொரு சாதனத்தைச் சார்ந்திருந்தால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2017இல் 4.10 பதிப்பில் வந்த டிவைஸ் லிங்க் இதற்குத்தான். சொல்லாவிட்டால் வரிசை தற்செயலாகச் சரியாக அமையும், அடுத்த பதிப்பில் தற்செயலாகவே குலையும்.

காத்திருப்பு நேரத்தைக் கிள்ளாதீர்கள். டி3ஹாட் என்ற உறக்கத்திலிருந்து டி0 என்ற முழு விழிப்புக்கு வர பிசிஐ விதி 10 மில்லிவினாடி கேட்கிறது. அதை பிசிஐ அடுக்கே பார்த்துக்கொள்ளும். ஐ2சி, எஸ்பிஐ என்ற எளிய பஸ்களில் இணையும் சிப்புகளுக்கு டேட்டாஷீட்டைப் படித்து நீங்கள்தான் எழுத வேண்டும்.

முழு இயந்திரமும் உறங்கும் பாதை தனி. அந்த நேரத்தில் உங்கள் சாதனம் ஏற்கெனவே ரன்டைம் உறக்கத்தில் இருக்கலாம். அதை நினைக்காமல் சஸ்பெண்ட் ஃபங்ஷனில் ரெஜிஸ்டரைத் தொட்டால் மேலே சொன்ன அதே விபத்துதான். இரண்டு பாதைக்கும் ஒரே வேலை போதுமென்றால் ‘ஃபோர்ஸ் சஸ்பெண்ட்’, ‘ஃபோர்ஸ் ரிஸ்யூம்’ இணையைப் பயன்படுத்தலாம். சாதனம் முன்பே உறங்கிவிட்டதா என்பதை அவையே பார்த்துக்கொள்ளும்.

சோதிக்கும்போது சிஸ்ஃபஸில் ரன்டைம் ஆக்டிவ் டைம், ரன்டைம் சஸ்பெண்டட் டைம் என்ற இரு எண்களைப் பாருங்கள். சாதனம் சும்மா இருக்கும்போது முதல் எண் ஏறக் கூடாது. முழு உறக்கத்துக்கு ‘பிஎம் டெஸ்ட்’ கோப்பில் ‘ஃப்ரீசர்’ (புரோகிராம்களை மட்டும் நிறுத்தும் படி), பிறகு ‘டிவைசஸ்’ (சாதனங்களையும் உறங்கவைக்கும் படி) என்று படிப்படியாகப் போங்கள்; எந்தப் படியில் சிக்குகிறது என்பது உடனே தெரியும். கூடவே ரிஸ்யூம் ஃபங்ஷனை வேண்டுமென்றே தோற்கவைத்துப் பாருங்கள். மேசைமேல் அந்தப் பாதை தானாக ஒருபோதும் ஓடாது.