தவக்காலத்தில் குடியை நிறுத்துவோர் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, "ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன்" என்று சொல்கிற ஆண்கள் நம் பங்குகளில் ஏராளம். பலர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விடுகிறார்கள். உயிர்ப்பு ஞாயிறு மதியம் பிரியாணியோடு பாட்டிலும் வந்துவிடும். வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு நடப்பவர்களிலும் சிலர் இப்படித்தான்: செப்டம்பர் 8 வரை காவி, மறுநாள் பழைய ஆள்.

இந்த நாட்களைப் பாவத்துக்குக் கட்டும் வட்டியாக நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். வருடத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், அசல் அப்படியே கிடக்கட்டும் என்ற எண்ணம். திரும்பத் திரும்பச் செய்யும் பாவம் தீய பழக்கமாகி மனச்சான்றையே மங்கவைக்கும் என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அப்படி வேர்விட்ட பழக்கம் நாட்காட்டி பார்த்துப் போகாது.

குறுகிய காலத்துக்கு வாக்குக் கொடுப்பதில் தப்பே இல்லை. அயர்லாந்தின் டப்ளினில் கூலி வேலை செய்த மாட் டால்பட் 1884-இல், 28 வயதில், முதலில் எடுத்த உறுதிமொழி மூன்று மாதத்துக்குத்தான். அப்போது தொடங்கி அவர் என்ன செய்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வேலைக்குப் போகுமுன் தினமும் பூசைக்குப் போனார். குடிக்காக வாங்கிய கடன்களைத் திருப்பிக் கொடுத்தார். குடிக்கக் காசு வேண்டும் என்று ஒரு வயலின்காரரின் வயலினைத் திருடியிருந்தார். அந்த மனிதரைப் பல காலம் தேடி அலைந்தார். மூன்று மாதம் முடிந்ததும் வாக்கைப் புதுப்பித்து, பிறகு வாழ்நாளுக்கும் எடுத்துக்கொண்டார். 1925-இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை, புனிதர் நிலைக்குப் போகும் வழியில் ஒரு படியான வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். நம் வீடுகளிலோ நாற்பது நாளும் குடி மட்டும் நிற்கிறது. கடன், பொய், கூட்டாளிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அடுத்தது உயிருக்கே ஆபத்தானது. வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், பிதற்றலாம். புதன்கிழமை நிறுத்தியவர் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மெழுகுவர்த்தியைப் பிடிக்க முடியாமல் நடுங்கினால், அதை விசுவாசக் குறை என்றோ பேயின் சேட்டை என்றோ சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது இன்னும் நல்லது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. நோயாளிகள் உபவாசம் இருக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். வெறும் வயிற்றோடு நடுங்குவதை ஆண்டவர் யாரிடமும் கேட்கவில்லை.

ஜெபத்தை ஏச்சாக மாற்றுவது மூன்றாவது தவறு. இதை நல்ல குடும்பங்களே செய்கின்றன. இரவு ஜெபமாலை முடிந்து மன்றாட்டு நேரம். அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "குடிச்சுக் குடும்பத்தைக் கெடுக்கிறவங்க மனசை மாத்தும் ஆண்டவரே" என்று அம்மா குரலை உயர்த்துகிறார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பிள்ளைகள் இன்னும் சத்தமாகச் சொல்கிறார்கள். அது யார் காதுக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் ஜெப நேரத்துக்கு அவர் வீட்டிலேயே இருப்பதில்லை. புனித மோனிக்கா தன் முன்கோபக் கணவர் பத்ரீசியுஸ் கோபத்தில் இருக்கும்போது பதில் பேசமாட்டார், ஆறிய பிறகு எடுத்துச் சொல்வார் என்று மகன் அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். சொல்ல வேண்டியதைக் காலையில், காபி கொடுத்து, நேருக்கு நேர் சொல்லலாம். இரவு ஜெபத்தில் அவருக்கும் ஓர் இடம் இருக்கட்டும். ஜெபமாலையில் பத்து மணிகளையாவது அவர் சொல்லட்டும்.

ஆனால் மோனிக்காவின் பெயரைச் சொல்லி அடிபடும் பெண்ணை அடக்கிவைப்பது பெரும் அநியாயம். "உன் சிலுவை, சுமந்துக்கோ" என்று பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்திலேயே சொல்கிறவர்கள் உண்டு. கணவனோ மனைவியோ மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ ஆன்ம அளவிலோ பேராபத்தாக இருந்தால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 1153 சொல்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால், ஆயரின் ஆணைக்குக் காத்திராமல் தானாகவே வெளியேறலாம். பெண்களுக்கான 181 உதவி எண் எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம். "குடிச்சேன் சாமி" என்று ஒரு வரியில் முடிப்பது பழகிவிட்டது. ஸ்கூல் ஃபீஸ் பணத்தை எடுத்தது, மனைவியிடம் சம்பளத்தைக் குறைத்துச் சொன்னது, வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் படுத்துத் தூங்குவதுபோல் பாசாங்கு செய்யும் அளவுக்கு அவர்களைப் பயமுறுத்தியது, இவற்றை விட்டுவிடுகிறோம். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. பாவத்தால் வந்த சேதம் அப்படியேதான் இருக்கிறது, அதைச் சரிசெய்வது நம் கடமை என்பதும் அதே மறைக்கல்வியின் போதனை. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியிலிருந்து மீள்வோரின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவும், தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்வதைத் தன் பன்னிரண்டு படிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆகவே கோவிலிலிருந்து வந்ததும் மனைவியோடு உட்கார வேண்டும். யாரிடம் எவ்வளவு கடன், அடகுக் கடையில் இருக்கும் மகளின் கம்மலை எப்போது மீட்பது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரே மாதத்தில் முடியாது என்றால், எத்தனை மாதம் ஆகும் என்று மகளிடமே சொல்லிவிட வேண்டும்.