தங்கம், வெள்ளி வாங்குறப்ப டைமிங்ல நடக்குற தப்புகள்

2025 டிசம்பர்ல ஒரு பவுன் முதல் தடவையா ஒரு லட்சத்த தாண்டுனதுல இருந்து எல்லாரும் கேக்குறது ரெண்டே கேள்விதான். இப்பவே வாங்கிப்போடலாமா, இல்ல இறங்குற வரைக்கும் பொறுக்கலாமா? ரெண்டுக்கும் அடியில இருக்குறது ஒரே நினைப்புதான், விலை அடுத்து எந்தப் பக்கம் போகும்னு யாராவது சொல்லிருவாங்கங்குற நினைப்பு. அத யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆனா போடுற காசு உங்களுக்கு எப்ப திரும்ப வேணும், ரெண்டு வருஷத்துலயா பத்து வருஷத்துலயாங்குறது உங்களுக்குத் தெரியும். டைமிங்னு ஒண்ணு இருந்தா அது அந்தத் தேதிதான். அத விட்டுட்டு ரேட்டு போர்டையே பாத்துட்டு இருக்குறதாலதான் மத்த தப்பு எல்லாம் வரிசையா வருது.

நம்ம ஊர் ரேட்டுங்குறது ஒரே ஒரு விலை கிடையாது, மூணு விஷயம் சேர்ந்தது. வெளிநாட்டு மார்க்கெட்ல ஒரு அவுன்ஸ் (31.1 கிராம்) எத்தன டாலர், ஒரு டாலருக்கு எத்தன ரூபாய், அது மேல கவர்மெண்ட் போடுற இறக்குமதி வரி எவ்ளோ. 2013 ஏப்ரல்ல ரெண்டே டிரேடிங் நாள்ல தங்கம் அவுன்ஸுக்கு 200 டாலர் கிட்ட சரிஞ்சுது, "முடிஞ்சுது தங்கத்தோட கதை"ன்னு வித்தவங்க நிறைய பேர். அதே வருஷம் ஆகஸ்ட்ல டாலர் 68 ரூபாய தாண்டுச்சு, வரிய படிப்படியா 10 சதவீதத்துக்கு ஏத்துனாங்க, டாலர் கணக்குல தங்கம் 2011 உச்சத்துக்கு ரொம்ப கீழ கிடந்தப்பவே இங்க ரூபாய்ல புது உச்சம். அப்படியே தலைகீழா 2024 ஜூலை 23 பட்ஜெட்ல வரிய 15ல இருந்து 6 சதவீதமா குறைச்சாங்க, அன்னைக்கு ஒரே நாள்ல பவுனுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல இறங்குச்சு, முந்தின வாரம் மொத்தமா வாங்கி வச்சவங்க எந்த சார்ட்ட பாத்திருந்தாலும் அது தெரிஞ்சிருக்காது. போர்னு நியூஸ் வந்தா ஏறும், அமெரிக்காவுல வட்டி ஏறுனா இறங்கும்னு ஒரே ஒரு காரணத்த புடிச்சுக்கிட்டு மொத்த காசையும் இறக்குறது அதனாலதான் ஆபத்து.

"தங்கம் இறங்கவே இறங்காது" அப்படிங்குற நம்பிக்கை தான் எனக்கு ரொம்ப கவலை தர்ற விஷயம், ஏன்னா இத நம்பி குழந்தை படிப்புக்கு வச்ச காசக்கூட ஒரே நாள்ல தூக்கி போடுறாங்க. 2012 கடைசில ஒரு பவுன் 24 ஆயிரத்த ஒட்டி இருந்துச்சு, 2018லயும் கிட்டத்தட்ட அதே விலைதான். வருஷக்கணக்கா ஒரு எட்டு கூட முன்னாடி போகல, அந்தக் காலத்துல பேங்க் டெபாசிட்ல வட்டி எட்டு சதவீதம் கிட்ட கிடைச்சுது. அப்புறம் 2020 ஆகஸ்ட்ல பவுன் 43 ஆயிரத்த தொட்டுச்சு, இனிமே 50 தான்னு வாங்குனவங்க அடுத்த மார்ச்ல 34 ஆயிரத்த ஒட்டி இருந்த ரேட்ட பாத்தாங்க. பொறுமையா வச்சிருந்தவங்களுக்கு பின்னாடி நல்லாவே கிடைச்சுது, அது உண்மை. ஆனா நடுவுல மெடிக்கல் செலவுன்னு வந்து விக்க வேண்டிய நிலைமை வந்தவங்களுக்கு? உலக அளவுல பாத்தா இன்னும் நீளம், 1980 ஜனவரில அவுன்ஸ் 850 டாலர் போன தங்கம் 1999ல 250 டாலர் பக்கம் வந்துச்சு, திரும்ப அந்த 850ஐ பாக்க 2008 ஆச்சு.

இப்ப வெள்ளிக்கு வரேன், அடி பலமா விழுறது இங்கதான். தங்கம் எட்டாத விலைக்குப் போனதும் "சரி, வெள்ளி வாங்குவோம், அதுவும் தங்கம் மாதிரிதானே, விலை கம்மி"ன்னு போறாங்க. அது தங்கம் மாதிரி கிடையாது. வெள்ளியில பாதிக்கு மேல ஃபேக்டரிக்கு போகுது, சோலார் பேனல், எலக்ட்ரானிக்ஸ், கார் பாகங்கள்னு. தொழில் மந்தமானா அந்த டிமாண்ட் குறையும், ரிசர்வ் பேங்க் மாதிரி மத்திய வங்கிகள் தங்கத்த வாங்கி அடுக்குற மாதிரி வெள்ளிய தாங்கிப் பிடிக்க பெரிய கை எதுவும் இல்ல, மார்க்கெட்டும் சின்னது, அதனால ஏறும்போது தங்கத்த விட வேகமா ஏறும், இறங்கும்போது அத விட வேகமா இறங்கும். 1980ல அமெரிக்காவுல ஹண்ட் சகோதரர்கள்ங்குற கோடீஸ்வரங்க வெள்ளிய வாங்கிக் குவிச்சு அவுன்ஸ் 50 டாலர் கிட்ட போச்சு, மார்ச் 27ந்தேதி ஒரே நாள்ல பாதி விலை காணாம போச்சு. 2011 ஏப்ரல்ல மறுபடியும் 50 டாலர் கிட்ட, மே முதல் வாரத்துலயே கால்வாசிக்கு மேல சரிவு. நம்ம ரூபாய்ல சொல்லணும்னா, 2011 ஏப்ரல்ல கிலோ 70 ஆயிரத்த தாண்டுன வெள்ளி 2015 கடைசில 35 ஆயிரத்துக்கும் கீழ வந்துச்சு, உச்சத்துல வாங்குனவங்க போட்ட காச பாக்க 2020 ஆகஸ்ட் வரைக்கும் காத்திருந்தாங்க. ஒன்பது வருஷம், வட்டி ஒரு ரூபாய் கிடையாது.

2025 தீபாவளி சமயத்துல நடந்தத கண்டிப்பா ஞாபகத்துல வச்சுக்கணும். லண்டன் மார்க்கெட்லயே நேர்ல எடுத்துக் குடுக்க வெள்ளி தட்டுப்பாடு, இங்க பண்டிகை டிமாண்ட், எல்லாரும் சில்வர் ஈடிஎஃப் (ஷேர் மாதிரி மார்க்கெட்ல வாங்கி விக்குற வெள்ளி ஃபண்ட்) பக்கம் ஓடுனாங்க. ஒரு யூனிட்டுக்குள்ள இருக்குற வெள்ளியோட மதிப்ப விட 10 சதவீதத்துக்கு மேல கூட குடுத்து வாங்குன நாளெல்லாம் உண்டு, சில ஃபண்ட் கம்பெனிகளே சில்வர் ஃபண்ட்ல மொத்தமா பணம் போடுறத கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாங்க. கம்பெனிக்காரனே வேணாம்னு கதவ சாத்துறப்ப அத விட தெளிவான சிக்னல் என்ன வேணும்? தீபாவளி முடிஞ்ச அக்டோபர் 21 அன்னைக்கு தங்கம் ஒரே நாள்ல 5 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு, வெள்ளி அத விட அதிகமா. கூட குடுத்த ப்ரீமியமும் போச்சு, வெள்ளி விலையும் போச்சு, ரெட்ட நஷ்டம். ஈடிஎஃப் வாங்குறப்ப ஐ-என்ஏவி அப்படின்னு ஒரு நம்பர், அதாவது ஒரு யூனிட்டுக்குள்ள இருக்குற சரக்கோட அந்த நேரத்து மதிப்பு, ஃபண்ட் கம்பெனி சைட்லயே ஓடிட்டு இருக்கும், யூனிட் அதுக்கு ரொம்ப மேல டிரேட் ஆச்சுன்னா அன்னைக்கு வாங்காதீங்க, அவ்ளோதான்.

நகைய இன்வெஸ்ட்மெண்ட்னு நினைச்சு வாங்குறவங்களுக்கு டைமிங் சரியா அமைஞ்சாலும் கணக்கு தப்பா வரும். ஒரு லட்ச ரூபாய் தங்கத்துல நகை எடுக்குறீங்க, செய்கூலி சேதாரம் ரெண்டும் சேர்த்து 12 சதவீதம்னு வைங்க, 1,12,000 ஆச்சு, அதுக்கு மேல ஜிஎஸ்டி 3 சதவீதம், மொத்தம் 1,15,360. அடுத்த நாளே வித்தா தங்கத்துக்கு மட்டும்தான் காசு, அதுலயும் கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். அதாவது விலை 15 சதவீதத்துக்கு மேல ஏறுனாதான் நீங்க போட்ட எடத்துக்கே வருவீங்க. போட்டுக்க ஆசையா இருக்கா, தாராளமா வாங்குங்க, பொண்ணு கழுத்துல பாக்குற சந்தோஷத்துக்கு கணக்கு பாக்க வேண்டாம். ஆனா ஒரு வருஷத்துல வித்து லாபம் பாக்கலாம்னா நகை அதுக்கு சரிப்படாது. வெள்ளிப் பாத்திரம், கொலுசுக்கும் இதே கதைதான், திரும்பக் குடுக்குறப்ப கழிவு இன்னும் கூட.

நகைச்சீட்டு போடுறவங்க சேரும்போதே ஒரு கேள்விய கேட்டுரணும், நான் கட்டுற காசு மாசாமாசம் கிராமா வரவு ஆகுதா, இல்ல பணமாவே நிக்குதா? கிராமா வரவு ஆச்சுன்னா ஏறுன மாசம் கம்மியா, இறங்குன மாசம் அதிகமா சேரும், பதினோரு மாசத்துல ஒரு சராசரி விலை தானா அமைஞ்சிரும். பணமா நின்னா கடைசி நாள் ரேட்லதான் நகை எடுக்கணும், நடுவுல விலை எகிறிச்சுன்னா சேதாரத்துல குடுத்த சலுகை எல்லாம் அதுலயே கரைஞ்சிரும். ரெண்டுலயும் அந்தப் பணத்துக்கு பேங்க் டெபாசிட் மாதிரி இன்சூரன்ஸ் கிடையாது, கடைய மூடிட்டா தெருவுல நிக்கணும், அதனால வருஷச் சம்பளத்துல பாதிய ஒரே கடையில கட்டாதீங்க.

இதுக்கு நேர் எதிரா, இறங்கட்டும் இறங்கட்டும்னே காத்திருந்து வாங்காம விடுறதும் தப்புதான். ரெண்டு வருஷத்துல வீட்டுல கல்யாணம், பத்து பவுன் எடுத்தே ஆகணும்னா அது இன்வெஸ்ட்மெண்ட் இல்ல, செலவு. அத கணிப்ப நம்பி விட்றக்கூடாது, நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பவுன் ரெண்டு பவுன்னு பிரிச்சு வாங்குறதுதான் நிம்மதி. அட்சய திருதியை அன்னைக்கு மொத்தமா வாங்குறதுல விலை ரீதியா எந்த சலுகையும் இல்ல, அன்னைக்கு ஒரு கிராம் சாஸ்திரத்துக்கு வாங்கிட்டு மீதிய கூட்டமில்லாத நாள்ல வாங்கலாமே.

கடன் வாங்கி தங்கம் வாங்குறத பத்தி நீட்டி பேச விரும்பல, வேண்டாம். இருக்குற நகைய அடகு வச்சு அதுல இன்னும் தங்கம் வாங்குறவங்க இருக்காங்க, விலை சரிஞ்சாலும் வட்டி ஏறிட்டேதான் இருக்கும், கட்ட முடியலன்னா அடகு நகையும் ஏலத்துக்குப் போகும். எம்சிஎக்ஸ்ல (தங்கம், வெள்ளி மாதிரி சரக்குகளுக்கான முன்பேரச் சந்தை) வெள்ளி பெரிய லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தோட அளவு, 30 கிலோ, கிலோவுக்கு ஆயிரம் ரூபாய் அசைஞ்சா 30 ஆயிரம், வெள்ளிக்கு ஆயிரம் ரூபாய்ங்குறது காலைல டீ குடிச்சு முடிக்குறதுக்குள்ள நடக்குறது. நீங்க சொன்ன திசை கடைசில சரியாவே இருந்தாலும் நடுவுல மார்ஜின் (ஒப்பந்தத்துக்கு கட்டி வைக்க வேண்டிய முன்பணம்) கட்ட முடியலன்னா உங்க ஒப்பந்தத்த அவங்களே நஷ்டத்துல முடிச்சிருவாங்க.

கடைசியா விக்குற நேரம், இத வாங்கும்போதே யாரும் யோசிக்கிறதில்ல. காலேஜ் ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ்னு தேதி முடிவான செலவுக்கு சேர்த்த தங்கம்னா அந்தத் தேதிக்கு முந்தின வாரம் வரைக்கும் உச்சத்துக்காக காத்திருக்காதீங்க, ஒரு வருஷம் இருக்குறப்பவே பகுதி பகுதியா வித்து டெபாசிட்ல போட்டுருங்க. வரியையும் பாத்துக்கங்க, கையில இருக்குற தங்கம், வெள்ளி 24 மாசம் தாண்டியிருந்தா லாபத்துல 12.5 சதவீதம், ஈடிஎஃப்னா 12 மாசம் தாண்டுனாலே அந்த ரேட், அதுக்கு முன்னாடி வித்தா உங்க வருமான ஸ்லாப் படி போகும். சில வாரம் பொறுத்தா வரி கம்மியாகும்னா பொறுங்க. பழைய பில்ல பத்திரமா வைங்க, எந்தத் தேதில என்ன விலைக்கு வாங்குனீங்கன்னு காட்ட அதுதான் முக்கியமான ஆதாரம்.