தக்காளி வாடல் நோய்: தண்டிலிருந்து சாறு எடுப்பது எப்படி?

வாடல் நோயைத் தரும் பியூசேரியம் பூஞ்சை வேர் வழியே நுழைந்து, தண்ணீர் ஏறும் சைலம் குழாய்களில் குடியேறுகிறது. இலையை அரைத்துப் பார்த்தால் அங்கே நடப்பது தெரியாது; சைலம் சாறுதான் வேண்டும். இந்தப் பூஞ்சை சுரக்கும் 'சிக்ஸ்1' புரதத்தை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்களே, அதுவும் நோயுற்ற தக்காளியின் சைலம் சாற்றில் அகப்பட்டதுதான்.

தொட்டியில் செடி வளர்த்து, வேரைப் பூஞ்சை வித்துக் கரைசலில் நனைத்து நோய் ஏற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் செடியைத் தேர்ந்தெடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். நன்றாக வாடிய செடியில்தான் நோய் அதிகம் என்று நம்பி, பத்துச் செடிகளை வெட்டினேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. பூஞ்சை இழைகளும், செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினும் சேர்ந்து குழாய்களை அடைத்திருந்தன. அடியிலைகள் (பல நேரம் ஒரு பக்கம் மட்டும்) மஞ்சளாகி, நுனி இன்னும் நிமிர்ந்து நிற்கும் செடிதான் உங்களுக்கு வேண்டியது.

முதல் நாள் சாயங்காலம் நிறையத் தண்ணீர் விட்டு, செடியைப் பாலித்தீன் பையால் மூடுங்கள். இலை வழியே நீர் போவது குறைந்து வேர் அழுத்தம் (வேர் தண்ணீரை மேலே தள்ளும் விசை) ஏறும். விடிந்ததும் வெட்டுங்கள், வெயில் ஏறினால் சாறு வற்றும்.

வெட்டப் புது ஷேவிங் பிளேடு. கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம், தண்டை நசுக்கிவிடும். பிளேடை 70% ஆல்கஹாலில் துடைத்து, வித்திலைக்குச் சற்று மேலே ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ஒப்பிடுவதற்கு வைத்த ஆரோக்கியமான செடிகளை முதலில், நோயுற்றவற்றைப் பிறகு. செடிக்கு ஒரு பிளேடு.

தொட்டியில் நிற்கும் அடித்தண்டில் முதலில் கசியும் இரண்டு மூன்று சொட்டுகளைச் சேர்க்காதீர்கள். வெட்டுப்பட்ட செல்களின் சாறும் புளோயத்தின் (இலையில் உண்டாகும் உணவைக் கொண்டுசெல்லும் குழாய்களின்) சர்க்கரையும் அதில் கலந்திருக்கும். காய்ச்சி வடித்த நீரால் கழுவி, வடிதாளால் ஒற்றி எடுங்கள். பிறகு வெட்டு முகத்தை உற்றுப் பாருங்கள்: பழுப்பேறிய பக்கம் உலர்ந்தே கிடக்கும், வெளுத்த பக்கத்தில் குண்டூசித் தலையளவு தெளிந்த நீர் எழும்பும். அதுதான் நமக்கு வேண்டிய சாறு.

தண்டில் இறுக்கமாகப் பொருந்தும் சிலிக்கோன் குழாயை மாட்டி, சேரும் சாற்றை அவ்வப்போது பைப்பெட்டால் எடுத்து, ஐஸில் வைத்த சிறு குழாயில் விடுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் புரதங்கள் சிதையும். பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதானால் வடிகட்டும் முன்பே ஒரு சொட்டை அகர் தட்டில் விட்டுவிடுங்கள், 0.22 மைக்ரான் வடிகட்டி வித்துகளைத் தடுத்துவிடும். மீதியை வடிகட்டி, சிறு பங்குகளாக உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கினால் கெட்டுப்போகும்.

பின்சேர்க்கை: தனக்கு வந்த சாறு பால்போல் கலங்கியிருப்பதாக ஒரு மாணவி எழுதியிருந்தார். அப்படி வந்தால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம். வெட்டிய தண்டைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெண்ணிற இழை நூலாக இறங்கினால் பாக்டீரியாதான். அந்தச் செடியின் சாற்றைப் பூஞ்சை ஆய்வில் சேர்க்காதீர்கள்.